பாலத்து மேல ராத்திரித் தூண்டில்: ஒடிஞ்ச கம்பை ஒட்டலாமா, தூக்கிப் போடலாமா?

பாளைக்காரன் | 2024 செப்டம்பர் 9, இரவு 11.20

எட்டடி கார்பன் ராடு, ரெண்டு துண்டு. 10–20 பவுண்டு தூண்டில் நரம்புக்குன்னு கம்புல எழுதியிருக்கு. இடம் தாமிரபரணியில ஆத்தூர்ப் பக்கம் ஒரு பாலம் (பேர் வேண்டாம், கூட்டம் கூடிரும்). கைப்பிடிச் சுவர்லேருந்து தண்ணி வரைக்கும் 7 மீட்டர் இருக்கும். ஒண்ணேகால் கிலோ செப்பிலியை மேல தூக்கும்போது, முனையிலேருந்து 52 செ.மீ. கீழ ஒடிஞ்சிருச்சு. ஒடிஞ்ச எடத்துல வெளி விட்டம் 4.2 மி.மீ., உள்ள 2.5. நூலை இறுக்கிச் சுத்தி ஆரல்டைட் (ரெண்டு டியூப் கலக்குற எபாக்சி பசை) பூசினாப் போதுமா? கடையில கேட்டா புதுசு வாங்குங்காங்க. ஒண்ணேகால் கிலோவுக்கே ஒடியுதுன்னா கம்பே மட்டம்னு நெனைக்கேன்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 10, காலை 6.05

கம்பு மட்டமில்ல தம்பி. அதே கம்பு தரையில நின்னு இழுத்தா நாலு கிலோ கொடுவாவையும் தாங்கும். பாலத்துல நிக்கும்போது மீன் நேர் கீழ தொங்குது. நீ கம்பை நிமுத்தி நிமுத்திப் பிடிக்க. கம்புக்கும் நரம்புக்கும் நடுவுல கோணம் குறுகக் குறுக, பாரம் அடித்தண்டை விட்டு விலகி முனைக்கு ஏறும். நரம்பைப் பாத்து கம்பு சாஞ்சிருக்கும்போது வளைவு பிடி வரைக்கும் பரவும். தலைக்கு மேல தூக்கிட்டா கடைசி ரெண்டடிதான் மொத்தத்தையும் சுமக்கும். உன் கம்பு 52 செ.மீ.ல போனதுக்கு காரணம் அதுதான். மீனோட எடை கொறச்சுன்னாலும் மேல வரும்போது அது துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பாரம் எடையைத் தாண்டிப் போகும்.

இனி நூல் விசயம். வெறும் நூல் சுத்தினா நிக்கவே நிக்காது. கார்பன் கம்புல பாரத்தைத் தாங்குற நார் எல்லாம் நீளவாக்குலதான் ஓடும். குறுக்க ஓடுற நார் குழாய் சப்பையாகாமப் பாத்துக்கிடும், அவ்வளவுதான். நூல் சுத்துறதும் குறுக்க போறதுதான். ஒடிஞ்ச எடத்துல நீளவாக்குல எதையாவது வைக்காம மேல என்ன சுத்தினாலும், கீல் வச்ச கதவு மாதிரி அந்த எடத்துலயே மடங்கும்.

கச்சான்காத்து | செப்டம்பர் 10, காலை 9.40

எட்டடியில 52 செ.மீ. போனா இன்னும் ஆறேகால் அடி கெடக்கு. பாலத்துலேருந்து இறக்கிப் போடுறதுக்கு அது போதும்வே. ஒடிஞ்ச எடத்தைச் சமமா அறுத்து, புது முனை வளையம் (கம்பு நுனியில நரம்பு போற வளையம்) ஒண்ணை மாட்டினா ஒரு மணி நேர வேலை. முனை வளையத்துக்கு அளவு எண் உண்டு. அங்குலத்தை 64 பங்கா வச்சா எத்தனை பங்கு துளைங்கறதுதான் அந்த எண். 4.2 மி.மீ.க்கு 11ஆம் எண் சரியா வரும் (துளை 4.37 மி.மீ.). 10 எடுத்தா ஏறாது, 3.97தான்.

கம்பு விறைப்பாயிரும், உண்மை. பத்து கிராம் இரையை வீசுற வேலைக்கு ஆகாது. 40 கிராம் ஈயத்தோட உயிர் இரையை இறக்கிப் போட விறைப்பு நல்லதுதான்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 10, மதியம் 1.15

கச்சான் சொல்லுறது நடக்கும். ஆனா விறைச்ச முனையில வட்ட முள் (நுனி உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள்) போட்டா மீன் இரையை எடுக்கும்போதே எதிர்ப்பைக் கண்டு துப்பிரும். வட்ட முள்ளுக்கு முனை மெதுவா வளையணும். நான் ஒட்டுற கட்சி.

பாளைக்காரன் | செப்டம்பர் 10, இரவு 8.30

அப்ப உள்ள ஒரு குச்சியைச் செருகி ஒட்டணுமா அண்ணாச்சி? மூங்கில் குச்சி, இல்ல சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி?

ஈயக்குண்டு | செப்டம்பர் 10, இரவு 10.50

ரெண்டும் வேண்டாம். ஸ்போக்ஸ் கம்பி கம்போட சேந்து வளையாது. கம்பி முடியுற எடத்துல அடுத்த ஒடிவு விழும். மூங்கில் ஈரத்தைக் குடிச்சு ஊதும், ஒட்டு விடும்.

வேண்டியது கெட்டியான கண்ணாடி நார்க் குச்சி. விலை கொறைஞ்ச, உள்ளுக்குள்ள மடங்குற தொலைநோக்கி ராடு இருக்கு பாத்தியா, அதோட கடைசிக் கணு உள்ளீடு இல்லாத கெட்டிக் குச்சி. ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் சிறுத்து வரும். உன் கம்போட உள்துளையும் அப்படித்தான் சிறுத்துப் போகுது, பொருந்தும். அது கிடைக்கலேன்னா பழைய குடை. காத்துக்கு ஒடியாத வகைக் குடையில கம்பிக்குப் பதிலா கண்ணாடி நார்க் குச்சி போட்டிருப்பான், 2.5லேருந்து 3.5 மி.மீ. வரைக்கும். உப்புத்தாள் தேய்ச்சு 2.4க்குக் கொண்டு வா.

நீளம் 12 செ.மீ. ஒடிவுக்கு அந்தப் பக்கம் 6, இந்தப் பக்கம் 6.

ஒடிஞ்ச முனைகள்ல சிலும்பி நிக்கிற நாரை மட்டும் எடு. நல்ல கம்பை அறுத்துத் தள்ளாத. எடத்தைச் சுத்தி காகித டேப்பை ஒட்டிட்டு, அங்குலத்துக்கு 32 பல்லு ஆக்சா பிளேடால உருட்டி உருட்டி அறு. ஒரே பக்கம் அழுத்தினா கடைசி நார் உரிஞ்சு நீளமா கிழியும். அறுக்கும்போது தண்ணி தெளிச்சுக்கோ, மூக்கு மூடியும் போட்டுக்கோ. கார்பன் தூசி தோல்ல அரிக்கும், நெஞ்சுக்குள்ள போனா அதைவிட மோசம்.

உப்புத்தண்ணி | செப்டம்பர் 11, காலை 5.45

அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு: குச்சியை எந்தப் பக்கமா விடுறதுங்கறது. முக்காவாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். ஒடிஞ்ச வாய் வழியா கீழ்த் துண்டுக்குள்ள சொருகினா, உள்துளை கீழ போகப் போக அகலமாகும், குச்சி லொடலொடன்னு ஆடும். பசைதான் பிடிச்சு நிக்கணும்.

மேல் துண்டோட அடி, அதாவது ரெண்டு துண்டும் சேருற மூட்டு, திறந்துதான் கெடக்கு. அந்த வழியா குச்சியோட மெல்லிசு முனையை முன்னால விட்டு உள்ள தள்ளு. அது ஒடிஞ்ச வாய் வழியா எட்டிப் பாக்கும். இடுக்கியால பிடிச்சு இழு. 6 செ.மீ. வெளிய வந்த எடத்துல இறுகி நிக்கணும். சீக்கிரம் இறுகினா உப்புத்தாள் தேய், அதிகமா வெளிய வந்தா குச்சி சிறுசு, வேற பாரு. அப்புறம் முனைத் துண்டை அது மேல மாட்டு. இப்படிச் செஞ்சா மீன் இழுக்க இழுக்க குச்சி இன்னும் இறுகும்.

பசை இல்லாம ஒருதரம் மாட்டிப் பாத்து, குச்சியில பேனாவால கோடு போட்டுக்கோ. பசை தடவின பிறகு கணக்குப் பாக்க நேரம் இருக்காது.

உப்புத்தண்ணி | செப்டம்பர் 11, காலை 5.58

இன்னொண்ணு. முனைத் துண்டோட மேல் வாய் முனை வளையத்தால அடைபட்டிருக்கும். பசை பூசின குச்சியை உள்ள தள்ளும்போது காத்து போக வழி இருக்காது. கையை எடுத்தா துண்டு மெல்ல மேல கிளம்பும், காலையில பாத்தா 2 மி.மீ. இடைவெளியோட காஞ்சிருக்கும். குச்சியோட ஒரு பக்கத்துல நீளவாக்குல அரத்தால ஒரு மெல்லிசுக் கோடு கீறி வச்சா காத்து அது வழியாப் போயிரும்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 11, மதியம் 12.20

உப்புத்தண்ணி சொல்லுறதுதான் முறை. அந்தக் காத்துக் கோடு வேலையை வாசிக்கிறவங்க குறிச்சு வச்சுக்கிடுங்க, கடைக்காரங்களே செய்ய மாட்டாங்க.

பசை: ஆரல்டைட்ல மெதுவாக் காயுற சாதா வகை. அஞ்சு நிமிசத்துல இறுகுற வகை வேண்டாம், அது முழுசா ஊறிப் பிடிக்கிறதுக்குள்ள கெட்டியாயிரும், ஈரத்துக்கும் தாங்காது. ரெண்டு டியூப்லயும் சம நீளம் பிதுக்கி, ரெண்டு நிமிசம் நல்லாக் குழை. கலவை சரியில்லேன்னா எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுன்னுதான் கெடக்கும். ஒட்டுற எடத்தை 220 உப்புத்தாளால மங்கலாத் தேய்ச்சு, நெயில்பாலிஷ் அழிக்கிற அசிட்டோன்ல துடை. துடைச்ச பிறகு விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் போதும், ஒட்டு விட்டுப் போறதுக்கு.

மாட்டினதும் அடியிலேருந்து ஒரு கண்ணை மூடி, வளையம் எல்லாம் ஒரே நேர்கோட்டுல வருதான்னு பாத்துத் திருப்பு. அப்புறம் கம்பை செங்குத்தா தொங்க விடு. படுக்கப் போட்டா ஒட்டுன எடம் தொய்ஞ்சு காஞ்சிரும். 24 மணி நேரம் தொடாத.

கச்சான்காத்து | செப்டம்பர் 11, இரவு 9.05

உடனே ஒட்டுற பசையும் சோடா மாவும் போட்டா கல்லு மாதிரி இறுகும்னு ஒரு வீடியோ ஓடிக்கிட்டிருக்கு. யாராவது கேப்பாங்க, நானே முந்திக்கிடுதேன்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 11, இரவு 9.30

கல்லு மாதிரி இறுகும்வே, கல்லு மாதிரியே உடையவும் செய்யும். வளையுற பொருளுக்கு வளையுற பசைதான். அதைக் கொண்டுபோய் உடைஞ்ச பிளாஸ்டிக் வாளிக்குப் போடச் சொல்லும்.

பாளைக்காரன் | செப்டம்பர் 12, இரவு 7.50

உள்குச்சி மட்டும் போதுமா? வெளியில குழாய் மாதிரி ஒண்ணு மாட்டணும்னும் சொல்லுதாங்க.

உப்புத்தண்ணி | செப்டம்பர் 12, இரவு 9.10

வெளிக்குழாய் அடித்தண்டு ஒடிஞ்சா வேணும். 8 மி.மீ.க்கு மேல தடிச்ச எடத்துல, இன்னொரு ஒடிஞ்ச கம்புலேருந்து 12–15 செ.மீ. அறுத்து மாட்டணும். அதுக்கு ஒடிவுக்கு மேல இருக்கிற வளையங்களை எல்லாம் கழத்தணும், ஏன்னா குழாயை முனைப் பக்கத்துலேருந்து கீழ இறக்கினாத்தான் சிறுத்து வர்ற வாட்டம் பொருந்தும். குழாயோட ரெண்டு விளிம்பையும் சாய்வாத் தேய்ச்சு மெல்லிசாக்கணும். வெட்டின மேனிக்கு விட்டா விறைப்பு திடீர்னு முடியுற அந்த விளிம்புலயே மறுபடி ஒடியும்.

உனக்கு 4.2 மி.மீ.தான். உள்குச்சி போட்டு, மேல நீளவாக்குல கொஞ்சம் நார் படுக்க வச்சு, அதுக்கு மேல நூல் சுத்தினாப் போதும்.

பாளைக்காரன் | செப்டம்பர் 12, இரவு 9.25

நாருக்கு எங்க போக?

உப்புத்தண்ணி | செப்டம்பர் 12, இரவு 10.40

கடற்கரை ஊர்கள்ல பைபர் போட் ஒட்டுற பட்டறை இருக்கும்லா, அங்க துணி மாதிரி நெய்த கண்ணாடி நார் கிடைக்கும். சாணளவு துண்டு போதும், சும்மாவே தருவாங்க. அதுலேருந்து நீள இழைகளை உருவு. பஞ்சு மாதிரி கலைஞ்சு கெடக்குற விரிப்பு வேண்டாம், அதுல நார் எல்லாத் திசைக்கும் போகும், நமக்கு வேண்டியது ஒரே திசை. அங்க இருக்கிற பிசினையும் வாங்காத. அது பாலியஸ்டர் பிசின், போட்டுக்கு நல்லது. காஞ்ச எபாக்சி மேல சரியாப் பிடிக்காது, உரிஞ்சு வரும்.

14 செ.மீ. நீளத்துல இழைகளை வெட்டி, ஒடிவைச் சுத்தி ஒரே சீரா ஒரு அடுக்கு படுக்க வை. எல்லா நுனியும் ஒரே எடத்துல முடியாம ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன இருக்கட்டும். ஆரல்டைட்டை லேசாச் சூடு காட்டினா இளகி நாருக்குள்ள ஊறும். ஹேர் டிரையர் போதும், அடுப்புப் பக்கம் போகாத. ஊறினதும் பாலியஸ்டர் தையல் நூலால நெருக்கமா, ஒரு சுத்து மேல இன்னொண்ணு ஏறாம சுத்து. தொடக்க நுனியை முதல் ஏழெட்டுச் சுத்துக்கு அடியில மாட்டிக்கோ. முடிக்கிறதுக்கு ஏழெட்டுச் சுத்து இருக்கும்போது தனி நூலை மடிச்சு வளையமா உள்ள வச்சுச் சுத்து. கடைசி நுனியை வளையத்துல கோத்து இழுத்தா சுத்துக்கு அடியில போய் மாட்டிக்கிடும். முடிச்சு வேண்டாம்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 13, காலை 6.30

நூல் மேல பசைப் பூச்சு பூசின பிறகு கம்பைத் திருப்பிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா பசை ஒரு பக்கமா வழிஞ்சு தொப்பை விழும். கையால திருப்புறதுன்னா முதல் ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் அரைச் சுத்து, பிறகு கால் மணிக்கு ஒருதரம். மைக்ரோவேவ் அடுப்புல தட்டைச் சுத்துற சின்ன மோட்டார் பழுதுக் கடையில கிடைக்கும், நிமிசத்துக்கு அஞ்சாறு சுத்து. வேலைக்கு அளந்து செஞ்ச மாதிரி இருக்கும். சிலது வீட்டுக் கரண்டுல ஓடுறது, முனையில ஒயரைத் திறந்து போட்டு வைக்காத.

குமிழி வந்தா மேல ஊது, இல்லேன்னா ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடி. லைட்டரைக் காட்டாத.

லைட்டர்னதும் ஞாபகம் வருது. முனை வளையம் கழத்த மட்டும் தீ காட்டலாம், அதுவும் உலோகக் குழல் மேல அஞ்சாறு விநாடி. நேரா இழு, திருகாத. கார்பன்ல தீ பட்டா உள்ள இருக்கிற பிசின் வெந்துரும், வெளிய ஒண்ணும் தெரியாது. திரும்ப மாட்ட ஆரல்டைட் வேண்டாம், சூட்டுல உருகுற பசைக் குச்சி போதும். நாளைக்கு வளையம் உடைஞ்சா மறுபடி கழத்தணும்லா.

கச்சான்காத்து | செப்டம்பர் 14, காலை 10.00

கம்பை ஒட்டுறது பத்தி ஆயிரம் பேசியாச்சு. அதே பாலத்துல அதே மாதிரி மீனைத் தூக்கினா அடுத்த வாரம் 70 செ.மீ.ல ஒடியும். தூக்குற விசயத்தை யாரும் சொல்லலையே.

இறக்கு வலை செய். பழைய 26 அங்குல சைக்கிள் ரிம் ஒண்ணு, ஸ்போக்ஸ் எல்லாம் கழத்தினது. ஸ்போக்ஸ் துளை வழியாவே வலையைக் கோத்துக் கட்டலாம், தனியா ஓட்டை போட வேண்டாம். வலை முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தொங்கணும். மூணு எடத்துல கயிறு கட்டி மேல ஒண்ணாச் சேத்து முடி. அடியில 200 கிராம் ஈயம், இல்லேன்னா நீரோட்டத்துல வலை மேலயே மிதக்கும். கயிறு 8 மி.மீ., பாலத்து உயரத்துக்கு மேல இன்னும் 3 மீட்டர். ஒரு நுனியைக் கைப்பிடிக் கம்பியில முதல்லயே கட்டிரு.

ஒரு ஆள் மீனை நடத்தணும், ஒரு ஆள் வலை. வலையை மீனுக்குக் கீழ்நீர்ப் பக்கமா முன்னாலயே முக்கி வை. மீனைத் தேடி வலையை ஓட்டாத. அசந்த மீனை நீரோட்டத்தோட விட்டா தானே உள்ள வரும். வலைக்குள்ள விழுந்ததும் ரீலைத் திறந்து விட்டிரணும். அதுக்கப்புறம் கம்புக்கு வேலை இல்ல.

உப்புத்தண்ணி | செப்டம்பர் 14, மதியம் 2.35

ஒத்தைக்குப் போறவங்க என்ன செய்ய? மீன் அசந்ததும் கம்பைச் சாத்தி வச்சிட்டு, கையுறை போட்டு நரம்பைக் கையால இழுக்கலாம். முக்கால் கிலோவுக்கு உள்ளதுக்குத்தான். பிரெய்டை (பின்னின மெல்லிசு நரம்பு) கையில சுத்தாத, அறுத்திரும்.

பாலத் தூண்ல சிப்பி அப்பியிருக்கும். பிரெய்டு அதுல உரசினா ஒரு நொடி தாங்காது. 20 பவுண்டு பிரெய்டுக்கு முன்னால 40 பவுண்டு தடிச்ச நரம்பு ஒன்றரை மீட்டர் கட்டணும். ரீல் இழுவையை (மீன் இழுத்தா ரீல் நரம்பை விட்டுக் கொடுக்குற இறுக்கம்) 2 கிலோ சுமாருக்கு வை. பிரெய்டு தாங்குற 9 கிலோவுல அது நாலுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழ. மீன் கட்டற எடைத்தராசை நரம்பு நுனியில மாட்டி இழுத்துப் பாத்தாத் தெரியும், கை மதிப்பு வேண்டாம்.

ஈயக்குண்டு | செப்டம்பர் 14, இரவு 11.45

கச்சான் சொன்ன வலைதான் கம்புக்கு மருந்து. முதல்லயே நான் அதைச் சொல்லியிருக்கணும், உடைஞ்சதைப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

கைப்பிடிச் சுவரும் ஒரு எதிரி. கம்பைச் சுவர் மேல சாத்தி வைப்பாங்க, மீன் இழுக்கும்போது சிமெண்டு விளிம்புல கம்பு உரசும். கார்பன்ல நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தாப் போதும், அடுத்த பெரிய பாரத்துக்கு அந்த எடத்துல போகும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்குல கிழிச்சு சுவர் மேல போடு. ஈயக்குண்டு கம்புல ஆடி இடிக்கிறதும் இதே கதைதான். (என் பேரைச் சொல்லல.) வீட்டுக்கு வந்ததும் கம்பை லேசா வளைச்சு, பஞ்சு வச்சு நீளத்துக்கும் தடவு. எங்கயாவது நார் மாட்டினாலோ, வளைக்கும்போது டிக்குன்னு சத்தம் வந்தாலோ அங்க கீறல் இருக்கு.

பாளைக்காரன் | செப்டம்பர் 16, இரவு 10.15

ஒட்டியாச்சு. குடைக்குச்சி 2.4க்குத் தேய்ச்சது, நார், நூல் எல்லாம் சொன்னபடி. காயுது. வர்ற புதன் பவுர்ணமி, போகலாமா?

ஈயக்குண்டு | செப்டம்பர் 16, இரவு 10.40

24 மணி நேரம் தொடாமக் காயுறதுக்குத்தான். முழு பலத்துக்கு ஒரு வாரம் விடு. அப்புறம் பிடியை மேசையில கட்டி, கம்பு 45 பாகையில நிக்கணும். நரம்பை எல்லா வளையத்துலயும் கோத்து, நுனியில தண்ணி பாட்டில். முதல்ல கால் லிட்டர், அரை, ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு நிமிசம். ஒட்டுன எடத்துல ஒரு துணியைச் சுத்தி வச்சுக்கோ, கண்ணாடி போட்டுக்கோ. ஒடிஞ்சா சில்லு தெறிக்கும். வளைவு ஒரே சீரா வரணும். ஒட்டுன எடம் கொஞ்சம் தட்டையா, நேரா நிக்கத்தான் செய்யும், அது பரவாயில்ல. அதுக்கு மேல்பக்கத்துல திடீர்னு முறிஞ்ச மாதிரி வளைஞ்சா நார் நுனியெல்லாம் ஒரே எடத்துல முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். சாய்வாத் தேய்.

கச்சான்காத்து | செப்டம்பர் 17, காலை 8.20

பவுர்ணமிக்கு ஏத்தம் வத்தம் நல்லா ஓடும்கிறது சரி. நம்ம கடல்ல அந்த வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால முகத்துவாரத்துக்கு மேல போகப் போக ஓட்டம் ரொம்பக் கொறச்சல். ஏத்தமும் வத்தமும் மாற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். தண்ணி நிக்கிற நேரம் மீன் கடிக்காது. ஓட ஆரம்பிச்ச முதல் ரெண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். நாளுக்கு 50 நிமிசம் தள்ளிப் போகும்னு கணக்குப் போட்டுக்கோ.

ஆனா பவுர்ணமி நிலா வெளிச்சத்துல பாலத்து நிழல் எடுபடாது. நிழல்தான் முக்கியம். பாலத்து விளக்கு தண்ணியில விழும்போது நிழல் ஒரு கோடாப் பிரியும். வெளிச்சப் பக்கம் சூடைக் குஞ்சு, மடவைக் குஞ்சு, இறால் எல்லாம் மேல கூடும். கொடுவா கோட்டுக்கு உள்ள, இருட்டுல, ஓட்டத்துக்கு எதிராத் தலை வச்சு அசையாம நிக்கும். குஞ்சு கோட்டைத் தாண்டினதும் டப்புன்னு ஒரு சத்தம். டார்ச்சைக் கீழ அடிச்சா கண்ணு மட்டும் செக்கச்செவேர்னு தெரியும், மறு நொடி ஆளைக் காணோம். அதனால டார்ச்சைத் தண்ணிக்குக் காட்டாத. தலையில மாட்டுற சிவப்பு விளக்குப் போதும்.

இரையை மேல்நீர்ப் பக்கம் வெளிச்சத்துல இறக்கி, ஓட்டத்தோட கோட்டைத் தாண்ட விடு. விரலளவு உயிர் மடவை, முதுகுத் துடுப்புக்கு முன்னால முள்ளைக் கோத்தா நல்லா நீந்தும். வட்ட முள் 4/0 அளவு. கடிச்சதும் வெட்டி இழுக்காத, ரீலைச் சுத்து, அதுவே கடைவாயில மாட்டும்.

உப்புத்தண்ணி | செப்டம்பர் 17, காலை 11.10

பவுர்ணமியை விட்டுட்டு அக்டோபர் 2 மகாளய அமாவாசைக்குப் போ. ஓட்டமும் உண்டு, இருட்டும் உண்டு. கம்பும் காஞ்சிருக்கும்.

ஒண்ணு சொல்லிருதேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தி பழகின ஆழக் கணக்கு எதுவும் இப்ப செல்லாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை. அந்த வெள்ளம் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழ ஆத்தையே பிரட்டிப் போட்டிருக்கு. தூண் பக்கம் குழி, நடுவுல மேடு, மரம் மட்டை எல்லாம் புதைஞ்சு கெடக்கு. பகல்ல போய் முள்ளில்லாம ஈயத்தை மட்டும் கட்டி இறக்கி ஆழம் பாத்துட்டு, ராத்திரி போ.

ஈயக்குண்டு | செப்டம்பர் 17, இரவு 9.50

பாலத்துல நிக்கிற ஒழுங்கு. நடைபாதை இல்லாத பாலத்துல நிக்காத. தலைக்குப் பின்னால வீசிப் போடாத, ரோட்டுல போற பைக்காரன் கழுத்துல முள் மாட்டும். கீழ இறக்கி, ஊஞ்சலாட்டி விடு. மேல கரண்டுக் கம்பி போகுதான்னு வெளிச்சத்துலயே பாரு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தொடணும்னுகூட இல்ல. இடி இடிச்சா கம்பைக் கீழ வச்சிட்டு எறங்கு.

முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகத்துக்குள்ள தூண்டிலே கூடாது. குளம் எல்லாம் குத்தகை, கேக்காமப் போட்டா சண்டைதான்.

பாளைக்காரன் | செப்டம்பர் 17, இரவு 10.05

திருநெல்வேலியில சுலோச்சன முதலியார் பாலத்துலயே போடலாமேன்னு தோணுது. பஸ்ஸுல போயிரலாம்.

கச்சான்காத்து | செப்டம்பர் 17, இரவு 10.20

1843லே திறந்த பாலம். அன்னைக்கு மாட்டு வண்டி போச்சு, நீ போட்டிருக்கலாம். இன்னைக்கு அங்க நின்னா மீன் மாட்டுதோ இல்லையோ நீ பஸ்ஸுல மாட்டுவ.

பாளைக்காரன் | அக்டோபர் 3, காலை 7.30

கம்பு தாங்கிச்சு. ஒரு லிட்டர் பாட்டிலுக்கும் சரி, ராத்திரிக்கும் சரி. கொடுவா இல்ல, எல்லாம் கெளுத்தி. கூட வந்தவருக்கு கெளுத்தி முள் உள்ளங்கையில ஏறிருச்சு, கை வீங்கியிருக்கு. என்ன செய்யலாம்?

உப்புத்தண்ணி | அக்டோபர் 3, காலை 7.42

சுடுதண்ணி. 45 பாகை செல்சியஸுக்கு மேல வேண்டாம். முள் ஏறாத கையை விட்டுச் சூடு பாக்கச் சொல்லு. வலியில ஏறின கைக்குச் சூடு தெரியாது, வெந்துரும். அரை மணியிலேருந்து ஒன்றரை மணி வரைக்கும் முக்கி வச்சா விஷ வலி அடங்கும், ஆற ஆற மாத்திக்கிடணும். முள் துண்டு உள்ள ஒடிஞ்சிருந்தாலோ, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினாலோ டாக்டர்தான். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாச்சுன்னா எப்படியும் போகணும். கடல் கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மூணு முள். இடுக்கியால பிடிச்சு முள்ளை ஒடிச்சிட்டுத்தான் கையில எடுக்கணும்.

பாளைக்காரன் | அக்டோபர் 3, மாலை 6.15

வலி அடங்கிருச்சு, ஊசியும் போட்டாச்சு. நன்றிண்ணாச்சி.

கம்புல ஒரு சந்தேகம். நல்ல தண்ணியில கழுவிட்டு பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டுச் சுத்திப் பாத்தேன். முனையிலேருந்து மூணாவதுல நார் மாட்டுது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

ஈயக்குண்டு | அக்டோபர் 3, இரவு 9.00

உள்ள இருக்கிற பீங்கான் வளையத்துல மயிரிழைக் கீறல். கம்பு ஒடிஞ்சு முனை சுவர்ல அடிச்சப்ப விழுந்திருக்கும். அதை மாத்தாம பிரெய்டு போடாத, ஒரே ராத்திரியில பத்து மீட்டர் நரம்பைச் சிலும்ப வச்சிரும். பழைய நூலை வளையக் காலுக்கு மேல் பக்கமா மட்டும் பிளேடால கீறு, கம்புப் பக்கம் பிளேடு போகக் கூடாது. புது வளையத்தோட கால் நுனியை அரத்தால சாய்வாத் தேய்ச்சிட்டுக் கட்டு. நூல் கட்டத்தான் இப்ப உனக்குத் தெரியுமே.